ஆறு படி பருப்பு

அத்தியாயம் 17

ஞானஒளிவு ஆச்சியைத் திருகைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டுத்தான் போன வாரம் நாம் கிளம்பினோம். நம்மை எதிர்பார்த்து அவள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் அத்தனை துவரையையும் உடைத்து, புடைத்து, பருப்பு வேறு பொட்டு வேறு என்று பிரித்து மூட்டை கட்டிவிட்டாள். அறுபத்தாறு வயது. வியாழன் காலையிலிருந்து உபவாசம் வேறு. வெறும் நீராகாரத்தில்தான் இத்தனை வேலையும்.

இன்றைக்குத்தான் இந்தக் கதையைக் கையில் எடுக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவிலில் திருவேங்கடம் ரோட்டுப் பக்கம் ஆச்சியின் வீடு. அதே ரோட்டில் நாலு மைல் தள்ளி மூன்றரை ஏக்கர் கரிசல், வானம் பார்த்த பூமி. மகன் ஜெயசிங் வாத்தியார், சபைக்குச் செயலாளரும் அவர்தான். மகள் கிருபாபாயைச் சிவகிரியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. வருஷா வருஷம் ஆவணியில் சபையில் அசனம் நடக்கும். ஏழை பணக்காரன் என்று பார்க்காமல் முந்நூறு நானூறு பேர் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தச் சாம்பாருக்கு ஆறு படி பருப்பு ஆச்சியின் காணிக்கை. தன் நிலத்தில் விளைந்ததை, தன் கையால் உடைத்துத்தான் கொடுப்பாள். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு வருஷம்கூட அது தவறியதில்லை.

இந்த எண்பத்துமூன்றாம் வருஷம்தான் இடித்தது. போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டது, காட்டில் ஒரு மணி தேறவில்லை. ‘கடையில வாங்கிக் குடுத்திருவோம் அத்தை’ என்று மருமகள் தேவமணி சொன்னாள். நியாயமான பேச்சுத்தான். ஆச்சிக்கு அது ஏறவில்லை. கடைப் பருப்பை ஆண்டவருக்கு எப்படிக் கொடுப்பது என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு யாருக்கும் சொல்லாமல் விதைப் பானையைத் திறந்தாள். புரட்டாசி விதைப்புக்காக அதற்கு முந்தின வருஷ விளைச்சலிலிருந்து எடுத்து வைத்திருந்த துவரை அது. பாதியை அள்ளி எடுத்துவிட்டாள்.

துவரை சிவப்பாக இருந்தது. அதில் அவள் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. செம்மண்ணைக் கரைத்துத் துவரையைப் புரட்டிக் காயவைத்தால் வண்டு விழாது, உடைக்கவும் தோதாக இருக்கும். கரிசல் காட்டில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். ஆச்சி ஏழு வயதிலிருந்து பார்த்து வந்த சிவப்பு அது.

உடைத்ததில் எட்டுப் படி பருப்பு தேறியது. வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்த மருமகன் ஞானையாவிடம் இரண்டு படியைச் சிவகிரிக்குக் கொடுத்தனுப்பினாள். ஆறு படி சனிக்கிழமை மத்தியானம் ஆலயத்துக்குப் போய்விட்டது. மிஞ்சிய பொட்டை அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஷரீபா பீவியின் ஆடுகளுக்குக் கொடுத்தாள்.

இனி ஞாயிற்றுக்கிழமை.

&nbsp;

காலை ஒன்பது மணி இருக்கும். தேவமணி காய்கறி நறுக்க விடியுமுன்னே ஆலயத்துக்குப் போய்விட்டாள். ஆச்சி குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, வேதப் புத்தகத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தபோது ஷரீபா பீவி வாசலில் வந்து நின்றாள். தலையில் முக்காடு சரிந்து கிடந்தது. அதைச் சரிசெய்யக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“அக்கா, அந்தப் பொட்டுல என்ன கெடந்துச்சு?”

“என்ன கெடக்கும்? தொலியும் குருணையும்தான். ஏன் கேக்க?”

“என் ஆடு ரெண்டும் செத்துக் கெடக்கு.”

சண்டைக்கு வந்தவள் மாதிரி அவள் சொல்லவில்லை. அதனால்தான் ஆச்சி துணிப்பையைக் கீழே வைத்தாள். புருஷன் போன பிறகு பீடி சுற்றியும் ஆடு வளர்த்தும் இரண்டு பெண்களைக் கரையேற்றியவள் ஷரீபா பீவி. அந்த ஆடுகளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

ஆச்சி போய்ப் பார்த்தாள். இரண்டும் காலை விறைத்துக்கொண்டு கிடந்தன. வாயோரத்தில் நுரை காய்ந்திருந்தது. பக்கத்தில் தகரச் சட்டியில் பொட்டு பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஆட்டுக்கு நோய் வருவதும் பாம்பு தீண்டுவதும் ஆச்சி பார்க்காததில்லை. இது அப்படி இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஆலயத்துக்குக் கிளம்பிச் சட்டைப் பித்தானைப் போட்டபடி ஜெயசிங் பின்னாலேயே வந்தார். ஆட்டைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். குனிந்து ஒரு சிட்டிகைப் பொட்டை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். கையெல்லாம் சிவப்பு.

“அம்மா, எந்தத் துவரைய உடைச்ச?”

மகனிடம் பொய் சொல்லி ஆச்சிக்குப் பழக்கமில்லை. ஆனால் இதை எப்படியாவது சொல்லாமல் இருந்துவிட முடியுமா என்று ஒரு கணம் மனம் தேடத்தான் செய்தது.

“விதைப் பானையில இருந்து எடுத்தேன்.”

ஜெயசிங் ஆட்டுத் தொழுவத்துக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி அழுக்காவதைப் பற்றி அவர் கவலைப்படாமல் உட்கார்ந்து ஆச்சி பார்த்ததே இல்லை.

“அதுல மருந்துல்லா பெரட்டி வச்சிருந்தேன்.”

“செம்மண்ணுலே அது.”

“செம்மண் இல்லம்மா. பூச்சி மருந்துப் பொடி. ஆடியில நீ சிவகிரிக்குப் போயிருந்தல்லா, அப்ப விவசாய ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்து குடுத்தாரு. வெதைக்க மட்டும்தான், ஆளோ மாடோ வாயில வச்சிரக் கூடாதுன்னு ரெண்டு தடவ சொல்லிட்டுப் போனாரு.”

“எங்கிட்ட ஏம்லே சொல்லல?”

“வெதைப் பானையில யாராவது கைய வப்பாங்களா?”

வறண்ட வருஷங்களில் ஆச்சி கிழங்கைத் தோண்டித் தின்றிருக்கிறாள், கம்மங்கூழைத் தண்ணீராகக் கரைத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றியிருக்கிறாள். அப்போதெல்லாம் விதைப் பானையைத் தொட்டதில்லை. வயிற்றுக்காகத் தொடாததை ஆண்டவருக்காகத் தொட்டோம் என்று இரண்டு நாளாக உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை இப்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

“கோயில்ல எப்பப் பருப்பப் போடுவாங்க?”

“இந்நேரம் போட்டிருப்பாங்க” என்றார் ஜெயசிங். “பந்தி பன்னெண்டரைக்கு.”

“சிவகிரி?”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே கிருபாபாய் இருக்கிறாள். மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் வேறு, வீட்டில் எல்லாருக்கும் அவள் தங்கப்பழம்.

“நான் மாப்பிள்ளைட்ட சொல்லித்தான் குடுத்தேன்” என்று ஆச்சி தனக்கே சொல்லிக்கொள்கிறவள் போலச் சொன்னாள். “ஞாயித்துக்கெழம இங்கன ஆராதனை முடியுத நேரத்துக்குத்தான் பொங்கணும், ஆண்டவருக்கு முந்தி நம்ம வாயில வச்சிரக் கூடாதுன்னு சொன்னேன். கிருபா எம்பேச்சத் தட்ட மாட்டா. மத்தியானம் வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு.”

“ஒம்பதரைக்குப் பஸ்ஸு. பத்தரைக்கெல்லாம் சிவகிரி போயிரலாம்.”

“அப்ப நீ போ. நான் கோயிலுக்குப் போறேன்.”

ஜெயசிங் எழுந்தார். “நீ பஸ்ஸுக்குப் போம்மா. கோயில நான் பாத்துக்கிடுதேன்.”

“நான் குடுத்த பருப்பு. நாந்தான் சொல்லணும்.”

“யார்ட்ட சொல்லப் போற?”

“சபைக்கு.”

அவர் முகம் மாறியதை ஆச்சி கவனித்தாள். காரணம் அவளுக்குத் தெரியாததில்லை. சபைப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஜெயசிங் பேர்தான். சபைக் கமிட்டி கூடிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பதினெட்டு வருஷம் காத்திருந்த காரியம். அவர் மேல் ஆச்சிக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இரக்கப்பட்டு நிற்க இது நேரமில்லை.

“போ மக்கா, பஸ்ஸப் பிடி” என்றாள்.

அவர் சைக்கிளை எடுத்தார். பஸ் நிலையத்துப் பக்கம் திரும்புகிற வரை ஆச்சி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஷரீபா, ஆட்ட ஆழமா குழி தோண்டிப் பொதச்சிரு. யாரும் கறிக்குக் கேட்டாக் குடுத்துராத. மிச்சப் பொட்டையும் அதுலயே போடு. ஒன் ஆட்டுக்கு நான் பதில் சொல்லுதேன்.”

“ஆடு கெடக்கட்டும்க்கா. நீங்க மொதல்ல போங்க” என்றாள் ஷரீபா பீவி.

&nbsp;

ஆலயத்துக்கு ஒன்றரை மைல். ஆச்சி நடந்தாள், நடை பாதி ஓட்டம் பாதி. தெருவில் தறிச் சத்தம் ஞாயிற்றுக்கிழமையும் ஓயவில்லை. மூன்று நாள் சாப்பிடாத உடம்பு. கோமதி அம்மன் சன்னதிக்குப் போகிற கூட்டம் எதிரே வந்தது, ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். தெரிந்தவர்கள் ‘என்ன ஆச்சி, இன்னைக்கு அசனமா?’ என்று கேட்டார்கள். தலையை ஆட்டினாள்.

ஏழு வயதில் பருத்திக் காட்டில் இறங்கியவள். பதினாறில் கல்யாணம். முப்பத்தொன்றில் தாலி இறங்கியது. அந்த வருஷம் ஏர் பிடிக்க ஆள் வராதபோது, பொம்பளை மேழியைத் தொடலாமா என்று ஊர் முணுமுணுத்ததைக் காதில் போடாமல் தானே உழுதவள். ஒவ்வொரு நாளும் கோழி கூவுமுன் முழங்காலில் நின்றுவிட்டுத்தான் மண்ணில் கால் வைப்பாள். தனக்கென்று ஆண்டவரிடம் அவள் அதிகம் கேட்டதில்லை. இன்றைக்கு வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனாள்: ஒருத்தர் வாயிலும் அது பட்டிரக் கூடாது ஆண்டவரே, ஒரே ஒரு ஆள் வாயிலும் பட்டிரக் கூடாது.

நகக்கண்ணில் சிவப்பு இன்னும் இருந்தது. நேற்றும் அதற்கு முந்தின நாளும் கை எரிந்ததும் தலை சுற்றியதும் நினைவுக்கு வந்தது. உபவாசத்தால் என்று எண்ணி ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்திருக்கிறாள்.

ஆலயத்துக்குள் பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஆச்சி உள்ளே போகாமல் பின்பக்கம் சமையல் பந்தலுக்குப் போனாள். பத்து மணிதான். இலை எதுவும் போடவில்லை. மூன்று அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பந்தல் காலில் ஒரு சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் ஆச்சி நின்றுவிட்டாள்.

அண்டாவுக்குப் பக்கத்தில் சமையல்காரர் சங்கரசுப்பிரமணியனிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு நின்றார் ஜெயசிங்.

“ஏலே, நீ சிவகிரிக்குப் போகல?”

ஜெயசிங் அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். “அம்மா, சத்தம் போடாத. எல்லாம் சொல்லிட்டேன். சாம்பார் அடிப்பிடிச்சுப் போச்சுன்னு மூணு அண்டாவையும் கவுத்திருவாரு. கடையில பருப்பு எடுத்து மறுபடி வச்சிரலாம். பந்தி ஒரு மணி நேரம் பிந்தும், அவ்வளவுதான். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்.”

“சிவகிரிக்குப் போகலயான்னு கேக்கேன்.”

“பதினொண்ணே காலுக்கு இன்னொரு பஸ் இருக்கும்மா. பன்னெண்டேகாலுக்குப் போய்ச் சேந்துரும். கிருபா மத்தியானத்துக்குத்தான பொங்குவான்னு நீதான சொன்ன.”

ஆச்சிக்குக் கோபம் பொங்கியது. திட்ட வாய் வரவில்லை. நானே சொன்னேனே, மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கிறதென்று நானே சொன்னேனே என்று தோன்றியது. அவள் சங்கரசுப்பிரமணியன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணாச்சி, ஆறு படியும் இதுக்குள்ளதான கெடக்கு?”

“இல்ல ஆச்சி. நாலு படிதான் எனக்கு வந்துச்சு. மீதிய ஐயரம்மா நேத்தே கிழடு கட்டைகளுக்குப் பிரிச்சு அனுப்பிட்டாங்கல்லா.”

ஜெயசிங்குக்கு அது மறந்தே போயிருந்தது. நடமாட முடியாத வயசாளிகளுக்கு அசனத்துக்கு முந்தின நாளே அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது அந்தச் சபை வழக்கம். குருவானவரின் மனைவி, ஊரில் ஐயரம்மா என்பார்கள், அவர்தான் அதைப் பார்ப்பது. பதினொரு வீடு. யார் யார் கொண்டு போனார்கள், எந்தத் தெரு என்பதெல்லாம் ஆலயத்துக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

“நான் ஐயரம்மாவ மட்டும் மெதுவா வெளியில கூப்பிட்டு...” என்று ஜெயசிங் ஆரம்பித்தார்.

“மெதுவாக் கூப்பிட்டு, மெதுவா விசாரிச்சு, மெதுவா வீடு வீடாப் போவியா? அதுக்குள்ள ஒரு கெழவி அடுப்பப் பத்த வச்சிட்டா?”

ஆச்சி செருப்பில்லாத காலோடு ஆலயத்துக்குள் ஏறினாள்.

பாட்டு முடிந்து குருவானவர் பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தார். இடது பக்கம் பாயில் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். நடுவில் ஆச்சி நேரே நடந்து வந்தாள். அந்த ஆலயத்தில் பெண் குரல் பாட்டில் கேட்டதைத் தவிர வேறு எப்போதும் கேட்டதில்லை. முதல் வரிசைப் பாய் வரை வந்து, பீடத்துக்குப் பத்தடி தள்ளி நின்றாள்.

“ஐயா, ஒரு நிமிசம் நிறுத்துங்க.”

அவர் நிறுத்திவிட்டார்.

“அசனத்துக்கு நான் குடுத்த பருப்புல வெஷம் இருக்கு. யாரும் சாப்பிடாதிய. நேத்து அந்தப் பருப்ப யார் யார் வீட்டுக்குக் கொண்டு போனியளோ, இப்பமே எந்திரிச்சு ஓடுங்க.”

ஒரு கைக்குழந்தை மட்டும் சிணுங்கியது. ஆச்சி முடிக்கவில்லை.

“வெதைக்கு வச்சிருந்த தொவர அது. மருந்து பெரட்டி இருந்திருக்கு, நான் செம்மண்ணுன்னு நெனச்சிட்டேன். கடையில வாங்குங்கன்னு எம்மருமவ சொன்னா. நான் கேக்கல. முப்பத்தெட்டு வருசமா எம் பருப்பு எம் பருப்புன்னு எனக்கு ஒரு மெதப்பு. மத்தவங்க மேல இதுல தப்பு இல்ல.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் ஜெயசிங்கைப் பார்க்கவில்லை. அவர் பின்வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “வெதையவா எடுத்தா?” விஷம் என்றபோது திகைத்த முகங்கள் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் சுளித்தன. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் கரிசலில் ஏர் ஓட்டுகிறவர்கள். அந்தச் சுளிப்பை ஆச்சி சாகும் வரை மறக்க மாட்டாள்.

குருவானவர் வேதத்தை மூடிவிட்டுக் கீழே இறங்கினார். இளம் வயசுதான், ஆனால் பதறவில்லை. ஐயரம்மா எழுந்து பதினொரு பேரையும் விரல்விட்டுச் சொல்ல, சைக்கிள் உள்ளவர்கள் கிளம்பினார்கள். பஞ்சாலையில் வேலை பார்க்கும் சௌந்தரபாண்டியனிடம் ஒரு புல்லட் இருந்தது.

“அம்மா, வேற யாருக்காவது குடுத்திருக்கீங்களா?” என்று குருவானவர் கேட்டார்.

“சிவகிரியில எம்மகளுக்கு ரெண்டு படி.”

“அப்ப புல்லட் சிவகிரிக்குப் போகட்டும். முக்கால் மணி நேரத்துல போயிரலாம்.”

சௌந்தரபாண்டியன் சாவியை எடுத்துவிட்டான். ஆச்சி நடமாட முடியாத அந்தக் கிழவிகளை நினைத்தாள். ஊருக்கு வெளியே ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் தனியாகக் கிடக்கிறார்கள், ஒருத்திக்குக் கண் தெரியாது. அவர்களுக்குப் பசி எடுத்தால் நேரம் காலம் கிடையாது.

“வேண்டாம் ஐயா. எம்மவ மத்தியானத்துக்கு முந்திப் பொங்க மாட்டா, சொல்லி அனுப்பியிருக்கேன். கேட்டுக்கு அங்கன இருக்கிற ரெண்டு வீட்டுக்கு வண்டி மொதல்ல போகட்டும். நாங்க பஸ்ஸுல போயிக்கிடுதோம்.”

“யோசிச்சுச் சொல்லுங்கம்மா.”

“யோசிச்சுத்தான் சொல்லுதேன்.”

&nbsp;

மூன்று அண்டாவையும் ஆலயத்துக்குப் பின்னால் குழி வெட்டிக் கவிழ்த்தார்கள். அசனத்துக்கென்று சுற்று வட்டாரத்திலிருந்து நடந்து வந்திருந்த ஜனங்கள் குழியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். மழை இல்லாத வருஷம், அவர்களில் எத்தனையோ பேருக்கு அன்றைக்குத்தான் வயிறு நிறையும் என்று இருந்தது. யாரும் ஆச்சியை ஏசவில்லை. ஒரு கிழவர் மட்டும் மண்ணைத் தள்ளும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆச்சி அதையெல்லாம் முழுவதும் பார்க்கவில்லை. பதினொரு மணிக்கு அவளும் ஜெயசிங்கும் பஸ் நிலையத்தில் இருந்தார்கள்.

“பதினொண்ணே கால் பஸ்ஸு இன்னைக்கு ரிப்பேர்” என்றார் நேரக்காப்பாளர். “சிவகிரியில இருந்து ஒண்ணு வரும், அதுதான் பன்னெண்டே முக்காலுக்குத் திரும்பும்.”

ஜெயசிங் டாக்ஸி நிறுத்தத்துக்கு ஓடினார். முகூர்த்த நாள். இருந்த கார்களெல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தன. சிவகிரியில் போன் இருக்கிற வீடு எதுவும் அவருக்குத் தெரியாது. வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து ஆச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பன்னிரண்டு அடிக்கும்போது ஆலயத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். பதினொரு வீட்டிலும் பருப்பை எடுத்தாகிவிட்டது. ஒருவர்கூடச் சமைத்திருக்கவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் கண் தெரியாத கிழவி உலை வைத்துவிட்டு, பருப்பைக் களைந்துகொண்டிருந்தாளாம். புல்லட் போன நேரம் நல்ல நேரம், திரும்புகையில்தான் டயர் வெடித்துக் கேட்டிலேயே நின்றுவிட்டது என்றார்.

ஆச்சி கைகூப்பி மேலே பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

“அம்மா” என்றார் ஜெயசிங். “நான் கெடுதல் நெனச்சு அங்க போகல.”

“தெரியும்.”

“கிருபா மத்தியானம்தான பொங்குவா, அதுக்குள்ள இங்க முடிச்சிட்டுப் போயிரலாம்னுதான்...”

“அவ எம்பேச்சத் தட்ட மாட்டா” என்றாள் ஆச்சி. அதையே கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை சொன்னாள். “சின்னதுலயே தட்ட மாட்டா. நில்லுன்னா நிப்பா.”

பன்னிரண்டரைக்குச் சிவகிரி பஸ் உள்ளே வந்தது. உட்காரக் கிடைக்க வேண்டுமே என்று ஆச்சி முன்னாலேயே போய் வாசலில் நின்றாள். முதல் ஆளாக இறங்கியது ஞானையா. தோளில் பிள்ளை கிடந்தாள், மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. ஆச்சியைப் பார்த்ததும் அவர் திகைத்துப் போனார்.

“அத்தே, ஒங்களுக்கு யாரு சொன்னா? நாங்களே இப்பத்தான வாரோம்.”

ஆச்சி துண்டை விலக்கினாள். தங்கப்பழத்தின் கண் மேலே செருகியிருந்தது. வாயோரம் ஈரம். கை அவ்வப்போது வெட்டி வெட்டி இழுத்தது.

“எப்பச் சாப்பிட்டா?”

“காலையில இருந்தே ஆச்சி பருப்பு ஆச்சி பருப்புன்னு ஒரே அழுக. மத்தியானம்தான் பொங்கணும்னு அம்மா சொல்லியிருக்கான்னு கிருபா எவ்வளவோ நேரம் தாக்காட்டிப் பாத்தா. பிள்ள ஏங்கிப் போச்சுன்னு பொறுக்க மாட்டாம அவளுக்கு மட்டும் கொஞ்சமா வேக வச்சு, பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் ஊட்டுனா. பத்து நிமிசத்துல வாந்தி எடுத்துட்டு இப்படி ஆயிருச்சு. சிவகிரி டாக்டரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னுட்டாரு.”

பதினோரு மணி.

ஒன்பதரை பஸ் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். புல்லட் பதினொன்றுக்கு முன்னாலேயே வாசலில் நின்றிருக்கும். தாயும் மகனும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். ஆச்சிக்கு அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் வறண்டு கிடந்தது.

“மாப்ள, கிருபா எங்க?”

ஞானையா பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். படியில் கண்டக்டர் நின்றுகொண்டு, இறங்கியவர்களைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“உப்பு பாக்கதுக்கு அவளும் ரெண்டு வாய் போட்டிருக்கா அத்தே. வார வழியில ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னா. இப்ப எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்கா.”

“பொம்பள ஆளு ஒருத்தங்க ஏறுங்க” என்று கண்டக்டர் சத்தம் கொடுத்தார். “பின் சீட்டுல இருக்கவங்களத் தூக்கணும்.”

ஆச்சி மருமகன் தோளிலிருந்து பிள்ளையை வாங்கினாள். அந்தச் சூட்டை ஒரு கணம் மார்போடு சேர்த்துப் பிடித்தாள். பிறகு ஜெயசிங்கின் கையில் கொடுத்தாள்.

“ஆஸ்பத்திரிக்கு ஓடு. என்ன மருந்துன்னு டாக்டர்ட்ட பேரச் சொல்லு. இந்தத் தடவையாவது நான் சொன்ன எடத்துக்கு நேராப் போ.”

சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துப் பஸ்ஸில் ஏறினாள்.